ஆனா சாரும் ஐந்து மாடி பீரோவும்

பீரோ பதினேழாவது முறையாகப் படிக்கட்டில் உருண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்தது. அடியிலிருந்து இரண்டு ரப்பர் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீரில் நீந்துவதுபோல் ஆடின.

“முடிஞ்சுதா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“முடியப்போகுது,” என்றார் ஆனா சார்.

அவர் முதல் மாடிக்கே இன்னும் போகவில்லை. நான்காவது படியில் இருந்தார்.

ஆனா சார் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு ஒரே வேலை. நாற்காலி வரும். அதில் உட்காருவார், எழுந்திருப்பார், தலைகீழாகக் கவிழ்த்து அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பார். பிறகு “நல்லா இருக்கு. ஆனா…” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அந்த நாற்காலி உலகத்தைப் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இருநூறு பேரும் அவர் காதில் விழாது என்று நம்பிக்கொண்டு அவரை ஆனா சார் என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் விழுந்தது. உள்ளுக்குள் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. மனைவி புதுத் திரைச்சீலை போட்டால் நல்லா இருக்கும், ஆனா ஜன்னல் சின்னதாகத் தெரியும். முடி வெட்டிக்கொண்டு வந்தால் நல்லா இருக்கும், ஆனா முன்பே நன்றாக இருந்திருக்கும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதுகூட, படம் எடுத்தவன் வெளிச்சத்தைக் கவனிக்கவில்லை என்று பத்தொன்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை காலைக் காபியோடு வந்தது. “தம்பி ஒரு கேம் அனுப்பியிருக்கான். விளையாடிப் பார்த்துட்டு உங்க அபிப்பிராயம் சொல்லுங்க,” என்று மனைவி சொன்னாள்.

தம்பி என்றால் அவருடைய மச்சினன். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒழுங்கான வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். என்ன செய்கிறான் என்று ஆனா சார் கேட்டதில்லை. தாடி வளர்க்கிறான் என்பது அவர் கணிப்பு.

அவருடைய லேப்டாப் அந்த விளையாட்டைத் திறந்ததும் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. மனைவி கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், அதற்காக வீட்டிலும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்தார். விளையாட்டின் முதல் பக்கத்தில் இரண்டே வரி இருந்தது: ‘இந்த பீரோவை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். இருபது நிமிடம் போதும்.’

“இருபது நிமிஷ விளையாட்டைச் செய்ய மூணு வருஷமா?” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். சிரிப்பு அதோடு நின்றது.

அந்த விளையாட்டில் பீரோ தூக்கும் ஆள் ஒருவன்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. இடுப்பு என்பதே கிடையாது. இடது காலுக்கு ஒரு கீ, வலது காலுக்கு ஒரு கீ, கைகளுக்கு மவுஸ். இடது காலை எடுத்து வைத்தால் வலது கால் வேறு யாருடையதோ போல நின்றுகொள்ளும். கையைத் தூக்கினால் பீரோ சாயும். பீரோ சாய்ந்தால் அதன் கதவு திறந்து அவன் முகத்தில் அறையும். அறை வாங்கியதும் அவன் நிமிர்ந்து நின்று, பீரோவைப் பார்த்து ஒற்றை விரலை ஆட்டிக் கண்டிப்பான். அந்த நேரம் பார்த்து பீரோ அவன்மேல் விழும். “தடால்” என்று ஒரு சத்தம், “ஐயோ அம்மா” என்று ஒரு முனகல். மறுபடியும் தரைத்தளம்.

முற்பகல் முழுக்க உட்கார்ந்து, இருபத்தாறாவது முறையில் முதல் மாடியைத் தொட்டார். அங்கே ஒரு செடித்தொட்டி இருந்தது. அதில் கால் பட்டு, பீரோவும் ஆளும் தொட்டியும் ஒன்றாக உருண்டு கீழே வந்தார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆனா சார் சட்டென்று திரையை அணைத்தார்.

“முடிச்சிட்டேன்,” என்றார்.

“அப்படியா. எவ்வளவு நேரம் ஆச்சு?”

பத்து மணிக்கு உட்கார்ந்தவர், இப்போது ஒன்றரை. இருந்தாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. “பதினெட்டு நிமிஷம். மிச்ச நேரம் மெயில் பார்த்தேன்.”

அவள் அணைந்திருந்த திரையை ஒரு முறை பார்த்தாள். “கடைசி எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் இழுக்குது.”

“எங்க இழுக்குது?”

“நாலாவது மாடியில,” என்றார். நான்காவது மாடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஐந்து மாடி இருந்தால் நான்கும் இருந்துதானே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையில் சொன்னார்.

“சரி, தம்பிகிட்டச் சொல்றேன்,” என்று அவள் போய்விட்டாள். ஆனா சார் நிம்மதியாகக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பாதி சாப்பாட்டில் மச்சினன் போன் செய்தான்.

“மாமா, பதினெட்டு நிமிஷத்துல முடிச்சீங்களாமே?”

ஆமாம் என்றார் ஆனா சார். அதில் என்ன அதிசயம் என்ற தொனியில் சொன்னார்.

மச்சினன் மெதுவாக விளக்கினான். இதுவரை நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடித்தவர்கள் ஆறு பேர். அவர்களில் சீக்கிரமாக முடித்தவருக்கே நாலரை மணி நேரம் ஆகியிருக்கிறது. இருபது நிமிடம் என்று போட்டது, ஒரு முறைகூட விழாமல் போனால் ஆகும் நேரம். அப்படி உலகத்தில் ஒருவரும் போனதில்லை.

“நீங்க ஒரு தடவைகூட விழலையா மாமா?”

ஆனா சாருக்கு வாயிலிருந்த கவளம் அங்கேயே நின்றது. இறங்கி வர இதுதான் கடைசிப் படி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிரே மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மச்சினன் காத்துக்கொண்டிருந்தான்.

“நமக்குப் பொருளோட எடை எங்க நிக்குதுன்னு தெரியும்பா. தொழில் அது,” என்றார். பேச்சை மாற்றுவதற்காக, “நீ நல்லா பண்ணியிருக்கே. ஆனா…” என்று ஆரம்பித்தார்.

“அதைச் சனிக்கிழமை சொல்லுங்க மாமா. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க,” என்றான் மச்சினன்.

சனிக்கிழமை சாயங்காலம், சின்னச் சின்ன விளையாட்டு செய்கிறவர்கள் சேர்ந்து நூலகத்து மாடியில் ஒரு கூட்டம் போடுகிறார்களாம். ஒவ்வொரு விளையாட்டையும் ஒருவர் மேடையில் உட்கார்ந்து, பெரிய திரையில் ஆடிக் காட்ட வேண்டும். விழாமல் ஆடுகிற ஒரே மனிதர் நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்பது மச்சினனின் நியாயம். சனிக்கிழமை கொஞ்சம் வேலை இருக்கிறது என்று ஆனா சார் இழுத்தார். “சனிக்கிழமை உங்களுக்கு லீவுதானே?” என்று மனைவி நினைவுபடுத்தினாள்.

ஆக, ஆறு நாட்களில் அந்த பீரோவை உண்மையாகவே ஏற்றியாக வேண்டும்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையில் தன் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்து உட்கார்ந்தார். அவருடைய உதவியாளர் ஒரு நடுவயதுப் பெண்மணி, நாற்காலிமேல் எடை ஏற்றி அது எப்போது உடையும் என்று பார்ப்பவர். வீணாக ஒரு வார்த்தை பேசமாட்டார். யாராவது வந்தால் குரல் கொடுக்கச் சொல்லி அவரை வாசலில் நிறுத்தினார். எடைப் பரவல் பற்றி ஓர் ஆய்வு என்று காரணம் சொன்னார்.

உதவியாளர் வாசலிலிருந்தே எட்டித் திரையைப் பார்த்தார். “அந்த ஆளுக்கு இடுப்பே இல்லையே சார்,” என்றார். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, “எங்கேயோ பார்த்த முகமா இருக்கு,” என்றார்.

ஆனா சாருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அன்று கை நன்றாக ஓடியது. முதல் மாடி போயிற்று. செடித்தொட்டியைத் தாண்டினார். இரண்டாவது மாடியின் கடைசிப் படியில் பீரோவின் ஒரு மூலை ஏறிவிட்டது. இன்னும் ஒரு கால்தான். ஆர்வத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினார். அது ஷிப்டு முடியும்போது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மணியொலியைத் தொழிற்சாலை முழுக்க ஒலிபரப்புகிற பொத்தான் என்பது அழுத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பீரோ விழுந்தது.

இருநூறு பேர் வேலை பார்க்கும் கூடத்தில், கூரையிலிருந்த பதினான்கு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் “தடால்” என்று கேட்டது. தொடர்ந்து “ஐயோ அம்மா” என்றது ஓர் ஆண் குரல். கிடங்கில் நாற்காலி அடுக்கு சரிந்து யாரோ மாட்டிக்கொண்டார் என்று கூடத்திலிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். கிடங்கிலிருந்தவர்கள் கூடத்தில் என்று முடிவு செய்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று காப்பாற்ற எதிரெதிராக ஓடி, வாசலில் முட்டிக்கொண்டு, மொத்தமாக வெளியே முற்றத்துக்கு வந்து நின்றது. யாரோ ஸ்ட்ரெச்சர்கூடக் கொண்டு வந்துவிட்டார்கள்.

தொழிற்சாலை மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்து, என்ன இது என்று கேட்டார். ஆனா சார் ஒரு விநாடிதான் யோசித்தார்.

“பாதுகாப்பு ஒத்திகை சார். முன்னாடியே சொன்னா ஒத்திகையா இருக்காது.”

மேலாளர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் தானாக முன்வந்து ஒரு வேலை செய்த முதல் அதிகாரி நீங்கள்தான் என்று தோளைத் தட்டினார். அந்த முனகல் தத்ரூபமாக இருந்தது என்று தனியாகப் பாராட்டினார். வெள்ளிக்கிழமைவரை தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதேபோல் ஓர் ஒத்திகை நடத்தி, அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ஆக, விளையாடிப் பழக இருந்த ஒரே நேரமும் போயிற்று. ஆனா சார் செவ்வாய், புதன் இரண்டு நாளும் பசியோடு முற்றத்தில் நின்று, பசியோடு ஓடி வருகிற இருநூறு பேரை எண்ணினார். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை என்று ஒன்றும் இல்லை.

வீட்டில் மனைவியின் கண்ணில் படாமல் ஆட முடியாது. ஒரு முறைகூட விழாதவர் உட்கார்ந்து விழுந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இதில் அவளுடைய கேள்விகள் வேறு. அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றியே கேட்டாள். கதவு அடிக்கடி திறந்துகொள்வது எரிச்சலாக இருந்ததா? செடித்தொட்டி அங்கே தேவையா? நான்காவது மாடி இழுக்கிறது என்றால் எவ்வளவு குறைக்கலாம்? தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று ஆனா சாருக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். நான்காவது மாடியை மொத்தமாகவே எடுத்துவிடலாம் என்றார். செய்தவனுக்கு மூளை என்று ஒன்று இருந்தால் முதலிலேயே அதைச் செய்திருக்க மாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அவ்வளவு மோசமா?” என்று அவள் கேட்டாள்.

“மோசம்னு இல்ல. ஆனா…” என்று அரை மணி நேரம் பேசினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

புதன்கிழமை மாலை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கோளாறு விரலில் இல்லை, உடம்புக்கு அனுபவம் இல்லை. நிஜமாக ஒரு பீரோவைத் தூக்கிப் பார்த்தால் எடை எங்கே போகிறது என்பது புரிந்துவிடும், பிறகு விரல் தானாகப் பேசும். வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லி, ஒத்திகையை உதவியாளர் தலையில் கட்டிவிட்டு, மதியமே வீட்டுக்கு வந்தார். மனைவி வர ஆறு மணி ஆகும்.

படுக்கையறையில் இருந்தது மரபீரோ. ஆனா சார் சட்டையைக் கழற்றினார். பீரோவைக் கட்டிப்பிடித்தார். ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் திருப்பி, நடனம் ஆடுவதுபோல் அதைக் கதவுவரை கொண்டு வந்துவிட்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாசலில் அதைக் குறுக்காகச் சாய்த்து வெளியே தள்ளினார். பாதி போயிற்று. மீதி போகவில்லை. இழுத்தார், வரவும் இல்லை. கதவு நிலையில் பீரோ, அடித்து வைத்த ஆப்புபோல உட்கார்ந்துவிட்டது. ஆனா சார் அறைக்கு உள்ளே இருந்தார். ஜன்னலில் கம்பி. போன் கூடத்து மேஜையில்.

ஆறேகால் மணிக்கு வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடி. அது பீரோவின் அருகே வந்து நின்றது.

“உள்ள இருக்கீங்களா?” என்று பீரோவின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி கேட்டாள்.

“இருக்கேன்.”

“என்ன பண்றீங்க?”

“பின்னாடி தூசி இருந்துச்சு. துடைக்கலாம்னு நகர்த்தினேன்.”

தூசி துடைக்க பீரோவைக் கூடத்துக்கே கொண்டு வர வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. “நான் இந்தப் பக்கம் பிடிக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“வேணாம். எனக்குத் தெரியும்.”

தெரிந்ததை அவர் இன்னும் முக்கால் மணி நேரம் செய்து பார்த்தார். நடுவில் பீரோவுக்கும் நிலைக்கும் இடையே மேல்புறம் இருந்த இடைவெளி வழியாக ஒரு தட்டில் பழத்துண்டுகள் வந்தன. பிறகு ஒரு தம்ளர் தண்ணீர். அவள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள் என்பது சத்தத்தில் தெரிந்தது.

“கீழ் இடது மூலையை ஒரு விரல் உயரம் தூக்குங்க,” என்றாள் கடைசியில். “தூக்கிட்டு, தள்ளாதீங்க. உங்க பக்கம் திருப்புங்க.”

வேறு வழியில்லாமல் செய்தார். பீரோ ஒரு முனகலோடு வழுக்கிக்கொண்டு வெளியே போய், கூடத்தில் சமர்த்தாக நின்றது.

“அதைத்தான் பண்ண இருந்தேன்,” என்றார் ஆனா சார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி.

இந்தப் பயிற்சியில் அவருடைய வலது கைக் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியது. மவுஸைத் தொடவே முடியவில்லை. அந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இந்த ஒரு வாரத்தில் தன் தொழிலையே தான் மறந்துபோய்விட்டது அவருக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடங்களில் அவர் ஒரு நாற்காலிகூடச் செய்ததில்லை. செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்டதும் இல்லை. குறை சொல்கிறவனிடம் செய்து காட்டு என்று யார் கேட்பார்கள்?

வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையின் தரச் சோதனைப் படிவத்தை எடுத்து, ‘பொருள்’ என்ற கட்டத்தில் ‘பீரோ விளையாட்டு’ என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு குறை சேர்ந்துவிட்டது. இரண்டு மாடிதான் பார்த்திருந்தார் என்பதை நினைத்தால் அது பெரிய சாதனை.

சனிக்கிழமை நூலகத்து மாடியில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியான இளம்பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நடத்தினாள். இரண்டு விளையாட்டுகள் ஆடிக் காட்டப்பட்டன, கைத்தட்டல் கிடைத்தது. மச்சினன் மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி அருகே நின்றான். மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். எப்போதும் இல்லாத நல்ல புடவை கட்டியிருந்தாள். நல்லா இருக்கு, ஆனா இந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று கிளம்பும்போதே அவர் சொல்லியிருந்தார்.

அடுத்து பீரோ விளையாட்டு என்று அந்தப் பெண் அறிவித்தாள். அதைப் பதினெட்டு நிமிடத்தில், ஒரு முறைகூட விழாமல் முடித்த ஒரே மனிதர் வந்திருக்கிறார் என்றாள். கூட்டம் ஆவென்று பார்த்தது. சில பேர் எழுந்து நின்றுகூடப் பார்த்தார்கள்.

ஆனா சார் மேடையேறினார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு உட்காராமல் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“விளையாடுறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை,” என்று, இரண்டு பேனா செருகியிருந்த சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அது ஒன்பது பக்கம் இருந்தது.

முதல் குறை: பீரோவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. இரண்டாவது: பொறுப்புள்ள எந்தக் கட்டடத்திலும் படிக்கட்டுத் திருப்பத்தில் செடித்தொட்டி வைக்க மாட்டார்கள். மூன்றாவது: படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை. செய்தவர் மாடிப்படி என்பதைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆனா சாருக்கு அது புதிது. தொழிற்சாலையில் அவர் குறை சொல்லி யாரும் சிரித்ததில்லை. அவருக்குச் சூடு பிடித்துவிட்டது.

பதினொன்றாவது குறைக்கு வந்தபோது மச்சினன் கீழேயிருந்து அவர் பேண்டைப் பிடித்து இழுத்தான். “மாமா, போதும்.”

“குறை சொன்னா ஏத்துக்கணும்பா. அப்பதான் அடுத்ததாவது ஒழுங்கா வரும்,” என்று மைக்கிலேயே சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். மச்சினன் பதினைந்தாவது குறையில் மைக்கின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது, மைக்கே தேவைப்படவில்லை.

இருபத்தொன்பதாவது குறை கதாநாயகனைப் பற்றியது. “இந்த ஆளோட மூஞ்சியே சரியில்லை. தூக்கத் தெரியலை, நடக்கத் தெரியலை, ஆனா விரலை மட்டும் ஆட்டத் தெரியுது. இப்படி ஒரு ஆள் உலகத்துல எங்கயாவது இருப்பானா?”

அரங்கம் அதிர்ந்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள். ஆனா சார் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனைவி மடியில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் தன் பேச்சை அவள் குறிப்பெடுத்து இன்றுதான் பார்க்கிறார். நெஞ்சு கொஞ்சம் விம்மியது.

நாற்பத்தொன்றையும் முடித்துவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். இத்தனை குறை உள்ள பொருளைச் சரிசெய்யாமல் மறுபடி சோதிப்பது எங்கள் தொழில் தர்மம் இல்லை, ஆகவே ஆடிக் காட்டுவதற்கு இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. கைத்தட்டல் விழுந்துகொண்டே இருந்தது. வீங்கிய கட்டைவிரலைப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார். தப்பித்ததோடு ஜெயித்தும்விட்டோம் என்று தோன்றியது. அந்த மகிழ்ச்சியில் கடைசியாக ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

“இதைச் செஞ்சவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். மூணு வருஷம் வீணாப் போச்சேன்னு வருத்தப்படாதீங்க. உங்களுக்கு வேற ஏதாவது வேலை கண்டிப்பா வரும்.”

மச்சினன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூன்றாவது வரிசையில் நோட்டு மூடப்பட்டது. கூட்டத்தை நடத்திய பெண் சிரித்த முகத்தோடு வந்து, அவர் கையிலிருந்து மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி சார், கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்து வழி விடுங்க, மூணு வருஷம் தனியா உக்காந்து இதைச் செஞ்சவங்க உங்களுக்குப் பதில் சொல்ல மேல வர்றாங்க, அவங்க உங்க மனைவிதானே?”